தாலியோடு பூட்டிய அட்டியல்

சும்மா இருக்கத் தெரியாதவர்களை மணவறைக்கு அருகில் நிற்க விடக்கூடாது. என்னை விட்டார்கள்.

நகை வடிவமைப்புப் படித்து முடித்த புதிது. என் முதல் படைப்பு, நீலக்கல் பதித்த ஒரு தங்க அட்டியல். பதக்கத்தைக் கழற்றினால் சேலைக்குக் குத்தும் புரோச்; மிச்சத்தைப் பிரித்தால் இரண்டு கைச்சங்கிலி. மூட்டுக்கு மூட்டு ஒரு திருகு, அது போய்ப் பூட்ட ஒரு சுரை. அக்காவின் தாலிக்கொடியைச் செய்த பத்தரே அதே அளவுத் திருகை இதற்கும் வைத்தார் (சிக்கனம் என்று நான்தான் சொன்னேன்).

வெள்ளவத்தை மண்டபத்தில் அக்காவின் கல்யாணம். அட்டியல் அவள் கழுத்தில். அன்று பின்னேரமே அதைச் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை முதலாளியிடம் காட்டவேண்டும். பிடித்தால் எனக்கு அங்கே வேலை.

தோழியாகப் பின்னால் நின்ற எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாலி ஏறியதும் அட்டியலோடு ஓடலாமென்று அதன் பின்திருகை முன்கூட்டியே கழற்றி, இரண்டு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டேன். மேளம் முழங்கியது. அத்தான் தாலிக்கொடியின் முனைகளோடு அக்காவின் பிடரியில் துழாவினார்.

"எதுக்குள்ள பூட்டுறது?"

"இதுக்குள்ள திருகுங்கோ அத்தான்" என்று ஒரு முனையைக் கொடுத்தேன். மிஞ்சிய இரண்டு முனைகளையும் நானே பூட்டினேன்.

அட்சதை விழுந்த கையோடு அட்டியலை இழுத்தேன். தாலிக்கொடியும் சேர்ந்து வந்தது. இரண்டும் ஒரே சங்கிலியாகி அக்காவின் கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தன. பிரிக்கலாமென்று திருகில் கை வைத்தேன்.

"இண்டைக்கு ஏறின தாலியை இண்டைக்கே கழட்டுறதோ? கையை எடு" என்றார் அம்மா.

"அப்ப என்ர வேலை?"

"அட்டியல் வராட்டி நான் வாறன். முதல்ல முகத்தைத் துடை" என்றாள் அக்கா.

கூறைச்சேலையோடு அவள், தலைப்பாகையோடு அத்தான், காவலுக்கு அம்மா. வீதி நெரிசலில் ஊர்ந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். முதலாளி கும்பிட்டு வரவேற்றார் (பெரிய வியாபாரம் என்று நினைத்திருப்பார், பாவம்).

"பலவிதமாப் போடலாம் எண்டீங்கள். ஒருக்காக் கழட்டிக் காட்டுங்கோ."

"கழட்டேலாது" என்றேன். மானம் போய்விட்டது.

அக்கா கண்ணாடி மேசைமேல் குனிந்து பிடரியைக் காட்டினாள். முதலாளி பூதக்கண்ணாடியோடு நெருங்க, "தொடாமல் பாருங்கோ தம்பி" என்றார் அம்மா. அவர் தொடாமலே வெகுநேரம் பார்த்தார். சிரிப்பை அடக்கத்தான் அவ்வளவு நேரம் குனிந்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

"டிசைன் நல்லாயிருக்கு. திங்கட்கிழமை வாங்கோ. திருகை மட்டும் வேற அளவில செய்வம்."

வேலை கிடைத்தது. அட்டியல்தான் இன்னும் கைக்கு வரவில்லை. கேட்கும்போதெல்லாம் அக்கா பிடரியைத் திருப்பிக் காட்டுவாள்.

"கழட்டிக்கொண்டு போ. அத்தானும் சேர்ந்துதான் வருவார்."

அத்தான் உடனே எழுந்து செருப்பைத் தேடுவார்.