ஓரத்தில் நின்று ஓட்டுபவர்

ஐயா வாசகரே, எங்காவது ஒரு வண்டி நகர்ந்தால் போதும், பக்கத்தில் ஒருவர் முளைத்துவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையைக் காற்றில் துழாவி, “வா, வா, ஒடி, இன்னும் ஒடி” என்பார். அவர் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை. அதை அவர் ஒரு குறையாக நினைப்பதுமில்லை. இவர்தான் ஓரத்தில் நின்று ஓட்டுபவர்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இந்த இனத்துக்குத் தலைவர், ரயில்வே ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி சபாபதி. மாட்டு வண்டி, ரிக்‌ஷா, கோயில் தேர் எல்லாம் தம் கையசைப்பில்தான் திரும்புகின்றன என்பது அவர் எண்ணம். தண்டவாளத்தில் போகிற எஞ்சினுக்கே “லேசா இடது பக்கம்” என்று சொன்னவர்!

1931-இல் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குச் சங்கிலி டிராக்டர் வந்தது. சபாபதியின் தங்கை நல்லம்மாளின் கணவன் பக்கிரிசாமிக்கு ஓட்டுப் பரீட்சை. மேட்டிலிருந்து இறக்கி, இடப்பக்கத்துக் கொட்டகையில் நிறுத்தினால் டிரைவர் வேலை. இல்லையென்றால் மறுபடியும் மண்வெட்டி. சபாபதி லீவு போட்டுவிட்டு வந்துவிட்டார். வராமல் இருப்பாரா?

முதலில் எலுமிச்சம்பழத் தகராறு. சக்கரத்துக்கு ஒன்று வைத்து நசுக்குவது வழக்கம். இதற்குத்தான் சக்கரம் தரையில் படவே இல்லையே? சங்கிலித் தகடு ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று சபாபதி தீர்ப்பளித்தார். ஆக அறுபத்தெட்டுப் பழம். கிள்ளான் பாசாரையே சலித்தும் முப்பத்தொன்றுதான் கிடைத்தன. மீதிக்குத் தக்காளி வைத்தார்கள்.

இந்த வண்டிக்கு ஸ்டீரிங் கிடையாது, இரண்டு பிடிகள்தாம். சமதரையில் இடது பிடியை இழுத்தால், எஞ்சினின் இழுவை விட்டுப்போய் இடது சங்கிலி பின்தங்கும். வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்திலோ எஞ்சின்தான் வண்டியை அடக்கிப் பிடித்திருக்கிறது. அங்கே இடது பிடியை இழுத்தால், இடது சங்கிலி கட்டவிழ்ந்து முந்தி ஓடும். வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். பக்கிரிசாமி இதை இரண்டு மாதம் பழகித் தெரிந்துகொண்டான். சபாபதிக்குப் பழகாமலே எல்லாம் தெரியும்.

பாதி இறக்கத்தில் பக்கிரிசாமி சரியாக வலது பிடியில் கை வைத்தான்.

“கொட்டகை இடது பக்கம்லா மாப்ளே, இடது பிடிய இழு” என்று கத்தினார் சபாபதி.

“இறக்கத்துல மாத்திப் பிடிக்கணும் மச்சான்.”

“எனக்கே சொல்லித் தர்றியா?”

அண்ணன் பேச்சைத் தட்ட வேண்டாம் என்று நல்லம்மாள் காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். பக்கிரிசாமி இடது பிடியை இழுத்தான். வண்டி சாவகாசமாக வலப்பக்கம் திரும்பி, துரை பங்களாவின் குளியலறைச் சுவரை இடித்து உள்ளே போய், தண்ணீர்த் தாழியை முட்டி நின்றது. ஒரே ஒரு தக்காளி மட்டும் நசுங்காமல் சங்கிலியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

துரை மண்வெட்டியைக் காட்டினார். சபாபதிதான் தலையில் அடித்துக்கொண்டார்.

“நான் ஆயிரம் சொல்வேன். பிடி கையில இருக்கிறவன் யோசிக்க வேணாமா?”

இரண்டு மாத உழைப்பு மண்ணாய்ப் போய், பக்கிரிசாமி மண்வெட்டியோடு நடந்தான்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால், அவன் வலது பிடியையே இழுத்திருக்க வேண்டும் என்று இப்போது மனத்துக்குள் கத்தினீர்களே, உங்களுக்கு டிராக்டர் ஓட்டத் தெரிந்து எத்தனை நிமிஷம் ஆகிறது?