விசாரணை ஓட்டிய வேன்

தெரிந்த ஊருக்கும் வழி கேட்டுக்கொண்டே போன மனிதர், நான் அறிந்தவரை, இந்த உலகத்தில் ஒருவர்தான். திண்டிவனத்தில் வாடகைக்கு மெட்டடார் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வேனை அடிக்கடி அமர்த்தும் எங்கள் அரசு அலுவலகத்தில் அவருக்கு ‘விசாரணை’ என்று பெயர். சொந்தப் பெயரை யாரும் விசாரித்ததில்லை.

அவருடைய ஊர் வளவனூர். விழுப்புரத்திலிருந்து நேர் சாலை. அந்தச் சாலையில் ஒரு நாள், சைக்கிளில் வந்த சொந்தச் சித்தப்பாவையே நிறுத்தி, வளவனூர் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

“ஏன்டா, உங்கப்பன் வூட்டுக்கே வழி தெரியாம பூடுச்சா?”

“தெரியும் சித்தப்பா. ஒரு வார்த்தை கேட்டுக்கினா நல்லதுதானே.”

மைல்கல் இருக்கிறதே என்று நான் சொன்னால் ஏற்கமாட்டார். “கல்லு தப்பா சொன்னா யாருகிட்ட சார் சண்டைக்குப் போறது? ஆளுன்னா திரும்பி வந்து கேக்கலாம்.” மைல்கல் நடுவதற்கு உள்ள நடைமுறைகளை நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேர்க்கடலையை மல்லாட்டை என்று கூவி விற்றுக்கொண்டிருந்தவர் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் தட்டச்சர் முருகேசனுக்கு நீலகிரிக் கூடலூரில் பெண் அமைந்தது. பெற்றோர் முன்னதாகவே போய்விட்டார்கள். மாப்பிள்ளைக்கு விடுப்பு கடைசி நேரத்தில்தான் கிடைத்தது. மறுநாள் அதிகாலை முகூர்த்தம். அவரையும் எங்கள் சிலரையும் ஏற்றிக்கொண்டு விசாரணை விடியும் முன் கிளம்பினார்.

உளுந்தூர்பேட்டையில் கேட்டார். கள்ளக்குறிச்சியில் கேட்டார். ஆத்தூரில் வழி சொன்னவரோடு டீயும் குடித்தார். எல்லா ஊரிலும், “கல்யாண மாப்ளைய இட்டுக்கினு போறோங்க” என்பார். கேட்டவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள். சேலம் வருவதற்குள் முருகேசன், தலை தெரிந்தாலே கும்பிடத் தொடங்கிவிட்டார்.

சேலத்தில் விசாரணை ஒரு பூக்கார அம்மாளைக் கேட்டுவிட்டு வந்தார். “ஊட்டி மலையில வளைவு ஜாஸ்தியாம் சார். மாப்ளைக்கு வாந்தி வருமாம். சத்தியமங்கலத்து மேலயே பூடலாம்.”

“அந்த வழியில வர்ற திம்பம் மலையும் வளைவுதான்யா.”

“அந்தம்மா அப்டி சொல்லலியே சார்.”

திம்பம் மலையில் பாதி ஏறுவதற்குள் மாப்பிள்ளை வாந்தி எடுத்தார். மலைக்கு அப்பால் எல்லா ஊரிலும் கன்னடம். இவர் தமிழில் கேட்டார், அவர்கள் கன்னடத்தில் சொன்னார்கள். இரு தரப்பும் திருப்தியாகப் பிரிந்தன.

குண்டுலுப்பேட்டையைத் தாண்டி, தேசியப் பூங்காவின் எல்லைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சாலையின் குறுக்கே தடுப்புக் கட்டை. உள்ளே குட்டியோடு யானை நிற்கிறது, காலையில்தான் விடுவேன் என்றார் வனக் காவலர். நல்லவேளை, தமிழ் பேசினார். காலைவரை காத்திருந்தால் முகூர்த்தம் தப்பிவிடும். திரும்பிப் போய்ச் சுற்றி வந்தாலும் அதே கதி. மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்தார்.

நான் இறங்கினேன். பொதுச்சாலையை அடைக்க எந்த நிலை அலுவலருக்கு அதிகாரம் உண்டு, மேல்முறையீடு யாரிடம் என்பதையெல்லாம் முறைப்படி எடுத்துச் சொன்னேன். காவலர் கடைசிவரை கேட்டார். பிறகு கட்டைக்குப் பூட்டும் போட்டார்.

விசாரணை இறங்கிப் போனார். “அண்ணே, கூடலூருக்கு எந்தப் பக்கம் போவணும்?”

காட்டுக்குள் போவது ஒரே சாலை. எனக்கு மானம் போயிற்று. ஆனால் காவலர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். ஒரே சாலையைக் காவல் காப்பவரிடம் அதுவரை யார் வழி கேட்டிருக்கப் போகிறார்கள்? கையை நீட்டி, பாலம், மூங்கில் புதர், மான் மேயும் புல்வெளி, கொம்பன் யானை வந்து நிற்கும் வளைவு என்று விவரமாகச் சொன்னார். விசாரணை எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார், தப்பாக. காவலர் திருத்தினார். மறுபடியும் தப்பு.

“நீ இப்படிப் போனா நேரா யானை வயித்துக்குக் கீழதான்யா நிப்பே.”

“அதான்ணே பேஜாரா கீது. உள்ள மாப்ள வேற கீறாரு.”

காவலர் எட்டிப் பார்த்தார். முருகேசன் கும்பிட்டார். காவலர் பூட்டைத் திறந்து கட்டையைத் தூக்கிவிட்டு, டார்ச்சோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

யானை சாலையில்தான் நின்றது. வண்டியைத் தள்ளி நிறுத்தி, விளக்கை அணைக்கச் சொன்னார் காவலர். அது குட்டியைத் தள்ளிக்கொண்டு பள்ளத்தில் இறங்கியபிறகே விட்டார். அப்புறம் வழிநெடுக ஒரே பேச்சு.

“இப்ப நேராவாண்ணே?”

“நேராதான்.”

அடுத்த சாவடியில் காவலர் இறங்கியபோது, இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு விடைபெற்றார்கள்.

முருகேசன் உரிய நேரத்தில் தாலி கட்டினார். விசாரணை வேனில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப ஆள் அனுப்பிவிட்டு, பந்தியில் பக்கத்து இலைக்கு முன்னால் என் துண்டைப் போட்டு வைத்தேன். உட்கார வந்த இரண்டு பேரிடம் ஆள் வருகிறார் என்றேன். மூன்றாவதாக வந்தவர் பெண்ணின் தாய்மாமன். அவரிடமும் அதையே சொன்னேன்.