துரையோடு ஒரே பந்தியில்

இந்த நாயைச் சாப்பிட வைக்காமல் ஓய்வதில்லை என்று நான் சபதம் எடுத்தபோது, என் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு, நீங்களா?"

"வெளிநாட்டுல ஒரு ஆபீஸையே கட்டி மேய்ச்சவன் நான். ஒரு நாய் எம்மாத்திரம்?"

"அங்க சம்பளம் குடுத்தாங்க, கேட்டாங்க. இதுக்கு என்ன குடுப்பீங்க?"

அவளுக்கென்ன தெரியும் என் கஷ்டம்? பல வருஷம் கழித்து ஒரேயடியாக வீடு திரும்பிய எனக்கு இங்கே கிடைத்தது இலாகா இல்லாத மந்திரி பதவி. கேஸ்காரர் "அம்மா இல்லீங்களா?" என்பார். மகள் என்னைத் தாண்டிப் போய் அம்மாவிடம் அனுமதி கேட்பாள். எனக்கென்று ஒரு துறை வேண்டும். துரைதான் என் துறை என்று முடிவு கட்டினேன்.

துரை எங்கள் நாய். கால்நடை டாக்டர் அதற்கு எழுதிக் கொடுத்தது உப்பு, எண்ணெய் இல்லாமல் வேகவைத்த பூசணி, காரட், கொஞ்சம் கோழி. தட்டை வைத்தால் ஒருமுறை மோந்து பார்க்கும். பிறகு, ஓட்டலில் பில்லைப் பார்த்த கஞ்சன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தமிழில் கெஞ்சினேன். ஆங்கிலத்தில் அதட்டினேன். இரண்டு மொழியும் அதற்கு நன்றாகப் புரிந்தது. அதனால்தான் எழுந்து போய்விட்டது.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் மனைவி.

"சொல்லு."

"அது உங்களப் பாத்துதாங்க கெட்டுப்போச்சு. உங்க பிரஷருக்கு டாக்டர் சொன்ன சாப்பாட்டை வச்சா நீங்க என்ன பண்றீங்க?"

"மோந்து பாப்பேன்."

"அப்புறம்?"

"தட்டைத் தள்ளி வைப்பேன்."

"அதையேதான் அதுவும் பண்ணுது. என்னையும் பொண்ணையும் அது ஒரு ஆளாவே மதிக்கல. வீட்டுக்கு யார் தலைவர்னு நாய்க்குத் தெரியாதா?"

என் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. மனிதர்களுக்குத் தெரியாதது ஒரு நாய்க்குத் தெரிந்திருக்கிறது!

மறுநாள் மதியமே தரையில் இரண்டு தட்டு. அதே பூசணி, அதே காரட், அதே உப்பில்லாக் கோழி. துரைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, "ஆஹா! பேஷ்!" என்று அள்ளிப் போட்டுக்கொண்டேன். வாயில் சிரிப்பு, தொண்டையில் பூசணி. துரை என்னைப் பார்த்தது. தட்டைப் பார்த்தது. அப்புறம் பாருங்கள், நக்கிய நக்கில் தட்டு சுவர் வரை போய்விட்டது! என் தட்டையும் எட்டிப் பார்த்தது. அவசர அவசரமாக நானும் வழித்துச் சாப்பிட்டேன். தலைவன் மிச்சம் வைக்கலாமா?

ஒரு மாதம் இப்படியே வெற்றிமேல் வெற்றி. பேண்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. என் டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, மிஷின்தான் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார்.

"சாதனை டாக்டர், சாதனை! மனசு நிறைஞ்சா உடம்பு தானா சரியாயிடும்" என்றேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

என் புகழ் தெருவில் பரவிவிட்டது. நேற்று பக்கத்து வீட்டு டீச்சர் தேடி வந்தார். தலைமைப் பண்பு பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றிவிட்டு, நேரில் காட்டுவதற்காகத் துரையை அழைத்துவர உள்ளே போனேன். திரும்பும்போது கூடத்தில் மனைவியின் குரல்.

"மொதல்ல பிஸ்கட்டா போட்டு வயித்த ரொப்பி வச்சிரணும் டீச்சர். அப்பதான் தட்டைத் தொடாது. இவர் பக்கத்துல உக்காந்து சாப்பிட ஒத்துக்கிட்டதும் பிஸ்கட்டை நிறுத்திட்டேன். பசிச்சா அது சாப்பிடாதா என்ன?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "டீச்சர், உங்க வீட்டுல நாயே கிடையாதே?" என்றேன்.

"இல்லீங்க சார். எங்க வீட்டுக்காரருக்குத்தான் பிரஷர். உங்க துரையை ஒரு மாசம் இரவல் கேக்க வந்தேன்."