சான்றிதழ் வாங்கிய மாடு

கிழக்குத் தாம்பரத்தில் பால் இரண்டு வகைப்படும். ஒன்று பாக்கெட்டில் வரும். இன்னொன்று நடந்து வரும். நடந்து வரும் பாலுக்கு விலையும் அதிகம், மரியாதையும் அதிகம்.

கோகுலம் அடுக்ககத்தில் இருந்த ஆறு குடும்பமும் நடந்து வரும் பாலைத்தான் குடித்தது. பால்காரர் ஏசுபாதம் விடிந்ததும் லில்லியை ஓட்டிக்கொண்டு வந்து கேட்டில் கட்டுவார். செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, "நல்லா பாத்துக்கோங்க, சொட்டுத் தண்ணி கீதா?" என்று சுற்றி நிற்பவர்களிடம் காட்டுவார். இல்லை என்று எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் மடியில் கை வைப்பார். கறந்து முடித்ததும் நுரை அடங்கட்டும் என்று பெண்கள் காத்திருப்பார்கள். நுரையையும் சேர்த்து அளந்துவிடலாம் என்று ஏசுபாதம் காத்திருப்பார். இதில் யார் ஜெயித்தாலும் மறுநாள் பால் வந்துவிடும்.

கீழ் வீட்டு ஹஃபீசாவுக்கு மட்டும் நுரையைப் பற்றிக் கவலை இல்லை. அவள் கவலை இடுப்பில் இருந்தது. மகள் ஃபராவுக்கு இரண்டு வயசு முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. லில்லியைக் கண்ணால் பார்த்து, "அம்பா" என்று சொல்லி, அதற்குப் பிறகு கொடுத்தால்தான் பால் உள்ளே போகும். பாக்கெட் பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்தால் வாயை இறுக மூடிக்கொண்டு வாசலைக் காட்டுவாள். டாக்டர் வேறு, எடை பத்தலை, பாலை விடாதீங்க என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது புண்ணாக்கு விலை ஏறியது. ஏசுபாதம் லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏற்றினார். உடனே அடுக்ககத்தார் சங்கம் கூடியது.

சங்கத்துச் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன் ஏதோ ஒரு அரசாங்க ஆபீஸில் ரிடையர் ஆனவர். ஆனால் மனு எழுதும் அவருடைய வலது கை மட்டும் இன்னும் சர்வீஸில் இருந்தது.

"ரெண்டு ரூபா ஏத்தறான். சரி. பால் சுத்தம்னு யார் சொல்றது?"

"நம்ம கண் முன்னாடிதானே சார் கறக்கிறாரு?" என்றாள் மாடி வீட்டு ஜெரூஷா டீச்சர்.

"கண்ணு ஒரு ஆதாரமா டீச்சர்? நாவலூர்ல என் பொண்ணு ஃப்ளாட்ல தண்ணிக்கே சர்டிபிகேட் இருக்கு. ஃப்ரேம் போட்டு லிஃப்ட் பக்கத்துல மாட்டியிருக்கா. நாம பால் குடிக்கறோம், ஒரு துண்டுக் காகிதம் இருக்கா?"

ஒருவரிடமும் இல்லை. எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. பாலைப் பரிசோதிக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு மனு போடலாம் என்பவர்களைச் செயலாளர் கை தூக்கச் சொன்னார். எல்லோரும் தூக்கினார்கள். நாலு பேர் நடுவில் பேசுவதென்றால் ஹஃபீசாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கை தூக்குவது சுலபம். தூக்கினாள்.

மனுவுக்குப் பதில் வராது என்றுதான் நினைத்தார்கள். பதில் வரவில்லை, ஆளே வந்துவிட்டார். கறந்த பால் கண்காணிப்புப் பிரிவின் இளநிலை ஆய்வாளர் அசரியா. கையில் பாட்டில்கள், பையில் அரக்கு, முகத்தில் கடமை.

"மாதிரி எடுக்கணும்" என்றார். ஒரு பாட்டில் எடுத்தார். பிறகு இன்னும் மூன்று எடுத்தார்.

"இன்னா சார், ஒரே மாடுதானே?" என்றார் ஏசுபாதம்.

"மாடு ஒண்ணுதான்யா. காம்பு நாலு. ஒரு காம்புல சுத்தமா வர்றது இன்னொரு காம்புலயும் சுத்தமா வரும்னு உன்னால எழுதித் தர முடியுமா?"

ஏசுபாதத்துக்குக் கையெழுத்தே தகராறு. செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

காம்புக்கு மூன்று பாட்டில், அதில் ஒரு பாட்டில் எங்கள் ஆபீஸுக்கு, ஒரு பாட்டில் மேல் ஆபீஸுக்கு, பிற்காலத்தில் வழக்கு கிழக்கு வந்தால் காட்ட ஒரு பாட்டில் என்று ஆய்வாளர் விளக்கினார். விளக்கி முடித்தபோது செம்பு காலி. அடியில் கொஞ்சம் நுரை இருந்தது. நுரையை மாதிரியாக எடுக்க விதியில் இடமில்லை என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்.

சாயங்காலமே சான்றிதழ் வந்தது. 'மேற்படி மாட்டின் மேற்படி பால், எடுக்கப்பட்ட நேரத்தில், மனிதர் அருந்தத் தக்கதாக இருந்தது.' ஆளுக்கு ஒரு நகல். தினமும் பரிசோதித்தால்தான் தினமும் சுத்தம் என்பதால் தினமும் ஒரு சான்றிதழ், தினமும் மொத்தப் பாலும் மாதிரி. அதற்குப் பணம் கொடுப்பது அடுக்ககத்தார்தான். அவர்கள் பாலைத்தானே சோதிக்கிறார்கள்?

ஆறு வீட்டு ஃப்ரிட்ஜ் மேலும் சான்றிதழ் ஏறியது. விருந்தாளிகள் வந்தால் பாக்கெட் பாலில் காபி போட்டுக் கொடுத்து, பசும்பால் சான்றிதழைக் காட்டினார்கள். பக்கத்து அடுக்ககத்தார் பொறாமையில் வெந்தார்கள்.

"அவங்ககிட்ட என்ன இருக்கு? வெறும் பால்" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

ஃபராவுக்குச் சான்றிதழைக் காட்டிப் பாக்கெட் பாலைக் கொடுத்துப் பார்த்தாள் ஹஃபீசா. அதைக் குழந்தை கிழித்தது. குடிக்கவில்லை. லில்லி கேட்டில் வந்து நிற்கும்போது "அம்பா, அம்பா" என்று டம்ளரை நீட்டும். பால் பாட்டிலுக்குள் போய் அரக்கு முத்திரை விழுவதைப் பார்த்து வீறிட்டு அழும். கன்னம் ஒட்டிப்போயிற்று.

தாம்பரம் மார்க்கெட்டில் செருப்புக் கடை வைத்திருந்த அவள் புருஷன் சௌகத் அலி, "நான் கடையைப் பூட்டிட்டு வர முடியாது. நீயே போய்க் கேளேன். கடிச்சா தின்னுடுவாங்க?" என்றான்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். கண்காணிப்புப் பிரிவு மாடியில் இருந்தது. படி ஏறும்போதே ஏலக்காய் வாசனை வந்தது. உள்ளே எல்லோர் மேஜையிலும் டீ. ஆடை கட்டின, கெட்டியான டீ.

"பரிசோதனை நடந்துகிட்டிருக்கும்மா. அப்புறம் வாங்க" என்றார் அசரியா, மீசையைத் துடைத்துக்கொண்டு.

"இது... டீ சார்."

"சுவைப் பரிசோதனை. மேலதிகாரிக்கு ஷுகர். அதனால சர்க்கரை போட்ட பரிசோதனை, போடாத பரிசோதனைன்னு ரெண்டு தடவை பண்ண வேண்டியிருக்கு. சாதாரண வேலை இல்லை."

ஹஃபீசா குழந்தையை முன்னால் காட்டினாள். "குழந்தைக்குக் கால் லிட்டர் மட்டும் விட்டுட்டு எடுத்துக்கிட்டா..."

"பரிசோதிக்காத பாலைக் குழந்தைக்குக் கொடுப்பீங்களா? என்ன தாய் நீங்க?"

"அப்ப பரிசோதிச்ச பாலையாவது..."

"அது தீர்ந்துடுதே!"

அந்தப் பதிலில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் அவள் படி இறங்கினாள். எதிரே பால் பூத். பூத்தில் பாக்கெட்டுகள் அடுக்கடுக்காகக் குளிர்ந்துகொண்டிருந்தன. ஹஃபீசா நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

அதிகாலையில் எழுந்து வருவது ஆய்வாளருக்குச் சில நாளிலேயே சலித்துவிட்டிருந்தது. ஏசுபாதம் கறந்து கேனில் வைத்துவிட வேண்டியது, அவர் எட்டு மணிக்கு மேல் வந்து முத்திரை வைத்து எடுத்துப்போவது என்று ஏற்பாடாகியிருந்தது. மறுநாள் ஹஃபீசா ஏசுபாதத்தைத் தனியாகப் பிடித்தாள்.

"அண்ணே, கேன்ல என்ன பால் இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

ஏசுபாதம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? வாயே தொறக்காத பொண்ணுன்னு நெனச்சேன். தொறந்தா இப்பிடியா?"

"குழந்தை அழுவுதுண்ணே."

அன்றிலிருந்து லில்லியின் பால் ஆறு வீட்டுக்கும் போயிற்று. சங்கத்தாரிடம் ஏசுபாதம், "மாட்டுக்குப் பால் ஊறிக்கினுகீது சார்" என்றார். மாட்டைப் பற்றித் தெரியாதவர்கள் சந்தோஷப்பட்டார்கள். கேனுக்குப் பூத்துப் பாக்கெட் போயிற்று. ஃபரா டம்ளரைக் காலி செய்து, மேலுதட்டில் வெள்ளை மீசையோடு சிரித்தாள். ஹஃபீசாவுக்கு அழுகை வந்தது.

கதை இங்கேயே முடிந்திருக்கும். சான்றிதழ்தான் முடிய விடவில்லை.

'மேற்படி மாட்டின் பால் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டுள்ளது. நாலு காம்பிலும் ஒரே சீரான கொழுப்பு. நாள் தவறாத ஒரே தரம். இத்தகைய தூய பசும்பாலை இப்பிரிவு இதுவரை கண்டதில்லை.'

ஸ்ரீநிவாசராகவன் இதைச் சங்கத்தில் இரண்டு தடவை உரக்கப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம வீட்டுப் பால் ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்கா? நேத்து தண்ணியா இருந்தது, இன்னிக்குப் புல் வாசனை. அப்படின்னா என்ன அர்த்தம்? நல்ல பாலை மாதிரிக்குக் கொடுத்துட்டு, மட்டமானதை நம்ம தலையில கட்டறான்!"

"அநியாயம்!" என்றார்கள் எல்லோரும்.

"இனிமே அந்தக் கேன் பால்தான் நமக்கு வரணும். நமக்கு ஊத்தற இந்தப் பாலை ஆபீஸ்காரன் எடுத்துண்டு போகட்டும். முத்திரை வச்ச பாலுக்கு ரெண்டு ரூபா கூடப் போனாலும் பரவாயில்லை."

ஹஃபீசா எழுந்து நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக. "சார்... அந்தக் கேன் பால்..."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னால் ஏசுபாதம் ஸ்டேஷனுக்குப் போவார். அவரோடு லில்லியும் போகும்.

"சொல்லும்மா."

"ஒண்ணுமில்ல சார்."

"தீர்மானத்தை ஆதரிக்கறவா கை தூக்குங்கோ."

எல்லாக் கையும் உயர்ந்தது. அவள் கையும்.

அதிலிருந்து முத்திரை வைத்த கேன் கோகுலத்துக்கு வருகிறது. லில்லியின் பால் மாடி ஏறிப் போய் டீயாகிறது. செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. முத்திரை இருக்கும்போது செம்பை யார் பார்ப்பார்கள்? இதுதான் கறந்த பாலின் ருசி என்று ஜெரூஷா டீச்சர் கண்ணை மூடிக் குடிக்கிறாள். பக்கத்து அடுக்ககமும் மனுப் போட்டுவிட்டது.

முதல் நாள் தயங்கித்தான் ஹஃபீசா அந்தப் பாலை ஃபராவிடம் நீட்டினாள். குழந்தை கேட்டைப் பார்த்தது. லில்லி நின்றுகொண்டிருந்தது. "அம்பா" என்று சொல்லிவிட்டு மடமடவென்று குடித்து முடித்தது. பிறந்ததிலிருந்து பாக்கெட் பாலில் வளர்ந்த பிள்ளை மாதிரி.

ஆகவே பூத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பாலை, மாடு வந்து நிற்பதற்காக, ஹஃபீசாவும் கூடுதல் விலைக்கு வாங்குகிறாள். எடையும் ஏறியிருக்கிறது. டாக்டர்கூட, "கறந்த பால்னா கறந்த பால்தாம்மா" என்றார்.

லில்லி சினையாகி மடி வற்றிவிட்டது. மாடிக்கும் பாக்கெட் பாலே போக, டீ கொஞ்சம் நீர்த்தது. அதிகாரிகள் டீத்தூளை மாற்றிக்கொண்டார்கள். சான்றிதழ் மட்டும் இன்னும் நன்றாக வந்துகொண்டிருக்கிறது.

நேற்றுக் காலை கேனை இறக்கும்போது, யாரும் பக்கத்தில் இல்லாததைப் பார்த்து, ஹஃபீசா கிசுகிசுத்தாள்.

"அண்ணே, லில்லிக்குப் பால் வத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆகுதே..."

ஏசுபாதம் பதறிப்போய் வாயில் விரல் வைத்தார்.

"மெதுவா பேசும்மா! மாட்டுக்குக் கேட்டுடப் போவுது."