மனுவில் நான் போட்ட கட்டம்

ஸ்ரீபெரும்புதூர்,
14.9.1991

அன்புள்ள ரகுபதிக்கு,

அத்தையின் ஆசிகள். இங்கு நான் நலம். செங்கல்பட்டு கோர்ட்டில் உனக்கு வழக்குகள் பெருகட்டும். நம் குடும்பத்து வழக்கு மட்டும் வேண்டாம்.

நம் பின்கட்டில் குடியிருக்கும் செங்கமலத்தைக் காலி செய்யச் சொல்லித் தெருவே மனு எழுதியது. முன்பு லாரிகள் நிற்கும் இடத்தில் தொழில் செய்தவளாம். அவளைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன். "செஞ்சேம்மா, இல்லன்னு சொல்லல. ரெண்டு வருசமா ஸ்பிரிங் கம்பெனில பேக்கிங். உங்க வூட்டாண்ட ஒருத்தன் வந்ததில்ல. வெளிய அனுப்பிட்டா மறுபடி ரோடுதாம்மா" என்றாள்.

உன் மாமாவின் சட்டப் புத்தகங்களை எடுத்தேன். கோவிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதை நிறுத்த 1947இல் சட்டம் வந்தபோது, நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் அந்தச் செய்தியைக் கத்தரித்துவிட்டுத்தான் பேப்பரை எங்களிடம் கொடுத்தார்கள். நாற்பத்து நான்கு வருஷம் கழித்து முழுதும் படித்தேன். 1956 விபசாரத் தடுப்புச் சட்டம் விடுதி நடத்துவதை, தெருவில் நின்று அழைப்பதை, கோவில், பள்ளி அருகே தொழில் செய்வதைத் தண்டிக்கிறது. தொழிலை விட்டவள் வாடகைக்குக் குடியிருக்கக் கூடாதென்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

மனுவோடு கன்னியப்பன் வந்தார். ஓய்வுபெற்ற குமாஸ்தா.

"அவ அப்படின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னாம்மா, ஊருக்கே தெரியும்!"

"ஊர் கையெழுத்துப் போடாது. நீங்கதான் போட்டிருக்கீங்க."

சிவப்புப் பென்சிலால் ஏழு பிழைகளைத் திருத்தி, கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் 'நேரில் அறிந்த விதம்' என்று ஒரு கட்டம் போட்டுத் தெருவுக்குத் திருப்பி அனுப்பினேன். பதினோரு பேரில் பத்துப் பேர் தங்கள் பெயரையே அடித்துவிட்டார்கள். முப்பது வருஷம் எந்தப் படிவத்திலும் கட்டத்தைக் காலியாக விட்டறியாத கன்னியப்பன் மட்டும், 'நேரில். இருமுறை. 1988' என்று பூர்த்தி செய்து தேதியும் போட்டார். அவர் மனைவி ரத்னா எட்டிப் பார்த்துப் படித்தாள். "யோவ், ரெண்டு தபாவா?" என்று அவள் கேட்டது என் சமையலறை வரை கேட்டது.

ஆகவே விஷயம் முடிந்தது. செங்கமலம் இங்கேயே இருப்பாள். நீ சிரமப்பட்டு வர வேண்டாம். உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
அத்தை லீலா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ரத்னா டிரங்குப் பெட்டியோடு வந்து செங்கமலத்தின் அறையில் குடியேறிவிட்டாள். கன்னியப்பன் புது மனு எழுதியிருக்கிறார், இம்முறை என் மேல். பெண்களைச் சேர்த்து வைத்து விடுதி நடத்துகிறேனாம். என் கட்டத்தையும் மறக்காமல் போட்டு, 'என் மனைவி அங்கேதான் இருக்கிறாள்' என்று நிரப்பியிருக்கிறார். தேடிப் பார்த்துவிட்டேன், ஒரு பிழைகூட இல்லை. கறுப்புக் கோட்டோடு முதல் பஸ்ஸில் வா.