கொட்டாஞ்சேனைப் பேருந்தில் டோரின் மணிக்கட்டு மடக்கிய படலம்

வாழ்க டோரின்! வாழ்க அவள் வலக்கை! காலி வீதிச் சேலைக்கடையிலே பட்டையும் பருத்தியையும் பகலெல்லாம் விரித்து மடித்த விரற்செல்வி, மேசை நிறையச் சேலைகளைக் குலைத்துப் போட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போகும் சீமாட்டிக்கும் "இன்னொரு நாள் வாங்கோ" என்று இன்முகம் காட்டிய பொறுமைப் பெருமலை, கொட்டாஞ்சேனை ஈன்ற கோமகள், நாற்பதைத் தாண்டியும் நடை தளராத நங்கை, டோரின் என்னும் தனிப்பெருந் தலைவியின் வீரத்தை இன்று பாடப் புகுகின்றேன். விலகி நில்லுங்கள், வேண்டுமானால் கம்பியைப் பிடித்துக் கொள்ளுங்கள்.

காவியம் தொடங்குவோர் கடவுளை வாழ்த்துவர். நான் வாழ்த்தேன். ஆனைமுகத்தாரை அழைத்தால் இந்தப் பேருந்தின் படியிலேயே அவர் சிக்கிக்கொள்வார். கொச்சிக்கடை அந்தோனியாரோ காணாமற்போன குடைகளையும் திறப்புகளையும் தேடிக் கொடுத்தே களைத்துப் போனவர். ஆண்மகனிடம் காணாமற்போன வெட்கத்தைத் தேடித் தாரும் என்றால், அவரும் கைவிரிப்பார். ஆதலால், ஆயிரம் உள்ளங்கைகளின் வியர்வையால் அன்றாடம் அபிடேகம் காணும் பேருந்தின் மேற்கம்பியே, உன்னையே வணங்குகின்றேன். வழுக்காதே, தாயே!

களம் கூறுவேன். மாலை மயங்கும் வேளையில் வெள்ளவத்தையிலே புறப்பட்டு, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை எனப் பல நாடு கடந்து கொட்டாஞ்சேனை சேரும் பேருந்தே களம். எழுதுவினைஞரும் துறைமுகத் தொழிலாளரும், மரக்கறிக் கூடையும் மாணவர் முதுகுப்பையும், பேலியகொடை மீனின் பெருமணமும் சாதி சமய வேறுபாடின்றி அதன் வயிற்றுள் அடுக்கப்பட்டிருப்பர். மேடைதோறும் தொண்டை கிழிய முழங்கியும் வாராத சமத்துவத்தை, "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட!" என்று எல்லோரையும் முன்னே முன்னே தள்ளியே படைத்துவிட்டான் ஒரு நடத்துநன்.

அந்தச் சமத்துவத்திலும் ஒருவன் தனிச்சலுகை கேட்டான். அவன் பெயர் அறியோம். வெள்ளைச் சட்டை, கழுத்திலே அலுவலக அடையாள அட்டை, கையிலே சோற்றுப் பெட்டி, முகத்திலே பூசி வழித்த கண்ணியம். ஆண்கள் அருகே நிற்கையில் அவன் முதுகெலும்பு ஆணிபோல் நிமிர்ந்திருக்கும். பெண்கள் அருகே வந்தாலோ, வெயிலில் வைத்த மெழுகுதிரிபோல் வளைந்து, குழைந்து, பக்கத்துத் தோளிலே படுத்துவிடும். திரும்பி முறைத்தால் "சொறி மிஸ், பிரேக்" என்பான். ஓடும் பேருந்திலும் பிரேக். செவ்விளக்கின் முன்னே சிலையாய் நிற்கும் பேருந்திலும் பிரேக். சாரதியின் காலையே தன் காமத்துக்குச் சாட்சியாக்கிய அந்தச் சாய்வேந்தன்தான், டோரினின் மாலைகளைக் கொள்ளையிட்ட மாபகைவன்.

அவனை எதிர்க்க அவள் முதலில் ஏந்திய படைக்கலம் ஊக்கு. கொழும்புப் பெண்டிர் தலைமுறை தலைமுறையாய்ச் சேலையிற் குத்தி வைத்துப் பேருந்திலே உருவும் குலப்படை அது. அவள் உருவினாள், குறி பார்த்தாள், பாய்ச்சினாள். அக்கணத்தில், வாழ்நாளில் ஒருமுறையாக, சாரதி மெய்யாகவே பிரேக் போட்டான். ஊக்கு பகைவனை விட்டு விலகி, பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் பின்புறத்திலே புகுந்தது. அப்பெரியார் மும்மொழியிலும் அலறினார். "பாத்தீங்களா மிஸ், நான் சொன்னேனே, பிரேக்!" என்றான் சாய்வேந்தன்.

ஊக்கின் தோல்விச் செய்தி டோரினுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. வாசலிலே, தன் முச்சக்கர வண்டியில் சாய்ந்தபடி, தமையன் பேர்னாட் காத்து நின்றான்.

"உனக்கென்ன விசரே, டோரின்? நாளையிலை இருந்து என்ரை ஓட்டோவிலை வா. காலமை கொண்டுபோய் விடுறன், பின்னேரம் வந்து ஏத்துறன். பஸ் வேண்டாம்."

"ஏன் அண்ணா, அவன் சாய்ஞ்சதுக்கு நானோ இறங்கோணும்?"

"ஊர் கதைக்குமடி."

"ஊர் வந்து என்னோடை கம்பியிலை தொங்குதோ?"

கேட்போரே, போரின் பொருள் இங்கேதான் விளங்கும். கடையிலே முதலாளிக்குரியது அவள் பொழுது; வீட்டிலே அடுப்புக்குரியது. இரண்டுக்கும் இடையில், எவருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத ஒரு சிறு பொழுது அவளுக்கு உண்டு. விரும்பினால் காலிமுகத்திடலில் இறங்குவாள், கடலைப் பார்ப்பாள், இறால்வடை தின்பாள், அடுத்த பேருந்தில் ஏறுவாள். அண்ணனின் வண்டியில் ஏறினால் அந்தச் சின்னஞ்சிறு சுதந்திரம் செத்தது. நேராக நில்லடா என்று ஆணுக்குக் கற்பிக்க ஒரு பள்ளிக்கூடம் இல்லாத நாட்டிலே, சாய்ந்தவன் பேருந்திலே போவானாம். சாயப்பட்டவள் வீட்டிலே இருப்பாளாம்! இந்த நீதியை எழுதிய எழுத்தாணியை எந்தப் பேருந்தின் சில்லுக்கடியிலே போட்டால் தகும்?

வழி காட்டினாள் பைறோஸா, மாளிகாவத்தையிலிருந்து வந்து அதே கடையில் வேலை செய்யும் தோழி.

"டோரின் அக்கா, நம்மட கடைக்கு மேல்மாடில ஞாயித்துக்கிழம ஒரு மாஸ்டர் வாராரு. கொரியால வேல செஞ்சுட்டு வந்தவராம். ஹப்கிடோ எண்டு ஒரு சண்ட வித்த சொல்லித் தாராரு. யாரும் கையப் புடிச்சா கழட்டி, அவங்கட கையவே முறுக்கிப் போடலாமாம்."

மேல்மாடியிலே, மடித்து வைத்த சேலைப்பெட்டிகளின் நடுவே இறப்பர்ப் பாய் விரித்து வீற்றிருந்தார் முத்துலிங்கம் மாஸ்டர். கொரியத் தொழிற்சாலையிலே பகலெல்லாம் பிளாஸ்டிக் வாளி வார்த்து, மாலையெல்லாம் பாயில் விழுந்து எழுந்து கறுப்புப்பட்டி பெற்ற வாளிவீரர் அவர். நம்பாமலே தங்கையை அழைத்து வந்த பேர்னாட் அவரை மடக்கினான்.

"மாஸ்டர், உண்மையைச் சொல்லுங்கோ. இது ரோட்டிலை பலிக்குமே?"

"பாயிலை எத்தினை தரமெண்டாலும் பலிக்கும் அண்ணை. ரோட்டிலை எண்டா..." மாஸ்டர் தாடையைச் சொறிந்தார். "ஓட இடமிருந்தா, முதல் ஓடுறதுதான் நல்லம்."

"பஸ்ஸுக்குள்ளை எங்கை ஓடுறது?"

கொரிய நாட்டு ஆசான்கள் இக்கேள்விக்கு விடை வகுத்திலர்.

எனினும் வித்தை மெய்வித்தை. எத்தகைய இரும்புப் பிடிக்கும் பெருவிரற் பக்கமே வாயில். அவ்வாயில் வழியே கையை உருவு. உருவிய கையால் பகைவனின் புறங்கையைப் பற்று. உன் பெருவிரல் இரண்டையும் அதன் மீது ஊன்று. மணிக்கட்டை அவன் பக்கமாகவே மடக்கி, வெளிப்புறமாகத் திருப்பு. மலையும் மண்டியிடும்! மாதக்கணக்காய், ஞாயிறுதோறும் பூசை கண்டு வந்து டோரின் மடக்கினாள். பைறோஸா மண்டியிட்டாள்.

வித்தையோடு ஒரு விதியும் இருந்தது. வலி பொறாதவர் பாயையோ தொடையையோ இரண்டு முறை தட்டுவர். தட்டொலி கேட்டதும் பிடியை விட வேண்டும். விட்டதும் இடுப்பை மடித்துக் குனிந்து வணங்க வேண்டும். மடக்குவதிலே டோரின் வல்லவள். விடுவதிலும் வணங்குவதிலுமோ அவளுக்கு நிகர் அவளே. வாடிக்கையாளர் செருமினாலே வளைந்து பழகிய முதுகல்லவா! தட்டொலி எழுமுன்னே பிடி தளரும். தளருமுன்னே தலை தாழும். "இதை மட்டும் கொரியாக்காரரை விட நல்லாச் செய்யிறீங்கள், அக்கா," என்று மாஸ்டரே வியந்தார். வியக்க வேண்டியதா அது? பெண்ணுக்கு வாளைக் கொடுத்தாலும் வணக்கத்தோடு கட்டியே கொடுக்கும் உலகத்தை நோக்கி அன்றைக்கே யாராவது உரத்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எவரும் கேட்டாரில்லை.

பேர்னாட் நிபந்தனை வகுத்தான். "வெள்ளிக்கிழமை பின்னேரம் நானும் பஸ்ஸிலை வாறன். பின்னுக்கு நிப்பன். அவன் சேட்டை விட்டு, நீ தனியச் சமாளிச்சியெண்டா, பிறகு நான் வாய் திறக்கேன். நான் வந்து கை வைக்க வேண்டி வந்தா, திங்கக்கிழமை ஓட்டோ."

"சரி," என்றாள் டோரின்.

வந்தது வெள்ளி! முரசு முழங்கவில்லை, மூன்று முச்சக்கர வண்டிகள் ஹோன் அடித்தன. சங்கு ஒலிக்கவில்லை, கரையோர ரயில் கூவிற்று. பேருந்தின் முன்பகுதியில் டோரின், பின்படியிலே பேர்னாட். பம்பலப்பிட்டியில் ஏறினான் பகைவன். கருடன் நாகத்தை நோக்குவதுபோல் அவள் நோக்கினாள். நாகம் தன் சோற்றுப் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு மெல்ல நெருங்கிற்று. செவ்விளக்கிலே பேருந்து நின்றது. நின்ற பேருந்திலே அவன் சாய்ந்தான். பாய்மரம் சாய்வதுபோல், பழுத்த வாழைக்குலை சரிவதுபோல், தேர்தலுக்குப் பின் கொள்கை சரிவதுபோல் சாய்ந்தான்.

"சொறி மிஸ், பிரேக்."

"பஸ் நிக்குது மிஸ்டர்!" கடை முழுவதும் கேட்க விலை கூறிப் பழகிய குரல் பேருந்து முழுவதும் கேட்டது. "நிக்கிற பஸ்ஸுக்கு என்ன பிரேக்?"

எல்லாத் தலைகளும் திரும்பின. அவனைத் தள்ள அவள் நீட்டிய கையை, "என்ன மிஸ், சத்தம் போடுறீங்க?" என்று அவன் எட்டிப் பிடித்தான்.

பிடித்தான்! பாவி, பிடித்தே விட்டான்! எலி தானே வந்து பொறிக்குள் இருந்து கதவைச் சாத்திக்கொண்டது! பெருவிரற் பக்கம் உருவினாள். புறங்கையைப் பற்றினாள். இரு பெருவிரல் ஊன்றினாள். மடக்கினாள். திருப்பினாள். அடியற்ற பனைபோல், அரசிழந்த மந்திரிபோல், சாய்வேந்தன் சரிந்து மரக்கறிக் கூடைகளின் நடுவே மண்டியிட்டான். "ஆ! கை! கை!" என்றான். சோற்றுப் பெட்டி உருண்டோடிற்று.

பின்படியிலே பேர்னாட்டின் குருதி கொதித்தது. நிபந்தனையை மறந்தான், முன்னே பாய்ந்தான், பாய்ந்த இடத்திலேயே நின்றான். இடப்புறம் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மார்பு, வலப்புறம் ஒரு பலாக்காய்ச் சாக்கு, முன்னே சீனியம்மா என்னும் மரக்கறி வியாபாரியின் மூன்று கூடைகள்.

"வழி விடுங்கோ! அது என்ரை தங்கச்சி!"

"தங்கச்சி எல்லாத்துக்கும்தான் இருக்கு," என்றாள் சீனியம்மா. "கால மிதிக்காதீங்க. அந்தப் புள்ளதான் நல்லாச் செய்யுதே, நீங்க எதுக்கு?"

அந்நேரம் பேருந்து நகர்ந்து கொள்ளுப்பிட்டித் தரிப்பிடத்தில் நின்றிருந்தது. இறங்குவோர் இறங்கினர்; ஏறுவோர் ஏறினர். படியிலே தொங்கிய நடத்துநன், புறப்படலாம் என்று சாரதிக்கு உணர்த்த, நாட்டிலுள்ள நடத்துநர் எல்லோரும் செய்வதுபோலவே, பேருந்தின் தகட்டை இரண்டு முறை ஓங்கித் தட்டினான்.

தட்! தட்! "ஹரி, யமு!"

ஐயகோ! என்ன சொல்வேன்! அந்த ஒலி டோரினின் செவி வழி புகுந்து, மூளையைக் கேளாமலே விரல்களைச் சேர்ந்தது. விரல்கள் விட்டன. வென்ற கை விட்டது! மாதக்கணக்கான மடக்கல் ஒரு தகரத் தட்டலில் தகர்ந்தது! விடுதலை பெற்ற பகைவன், வெட்கமும் வெகுளியும் ஒன்றாகி, கை முட்டியை ஓங்கியபடி எரிமலைபோல் எழுந்தான். பின்னே பேர்னாட் கண்களை மூடினான்.

பயிற்சியோ இன்னும் முடியவில்லை. விட்டபின் வணங்க வேண்டும் அல்லவா? டோரின் வணங்கினாள். இடுப்பை மடித்து, முதுகை நேராக்கி, முழுமனத்தோடு தலையைத் தாழ்த்தினாள். மேலே வந்த மூக்கும் கீழே சென்ற நெற்றியும் காலி வீதியின் நடுவானில் சந்தித்தன. தேங்காய் உடையும் ஒலி கேட்டது.

"ஐயோ, சொறி!" என்றாள் டோரின், மெய்யாகவே பதறி.

"பிரேக்குதாங்க!" என்றாள் சீனியம்மா.

பேருந்து சிரித்தது. எழுதுவினைஞர் சிரித்தனர்; மாணவர் சிரித்தனர்; கண்ணாடியிலே பார்த்துச் சாரதியும் சிரித்தான். எப்போதும் பேருந்தின் இரைச்சலிலே ஒளிந்து வாழ்ந்தவனுக்கு இத்தனை கண்கள் ஒருங்கே தன்மேல் விழுவது மணிக்கட்டு மடங்கியதிலும் பெரிய வலி. மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த தரிப்பிடத்தில் அவன் இறங்கினான். சோற்றுப் பெட்டியை நடத்துநன் பின்னாலே எறிந்தான்.

கொட்டாஞ்சேனையில் இறங்கி நடக்கையிலே தமையனும் தங்கையும் வழக்குரைத்தனர். புதுக்கடை நீதிமன்றமும் கண்டிராத வழக்கு.

"அது வித்தை இல்லை, டோரின். கையை விட்டிட்டாய். நான் கண்டனான். மற்றது தலை தற்செயலாப் போய் இடிச்சது."

"மடக்கினனானோ இல்லையோ?"

"மடக்கினாய். பிறகு ஏன் விட்டனீ?"

"தட்டினதுக்கு விட்டனான்."

"கொண்டக்டர் தட்டினதுக்கா?"

டோரினின் நெற்றி வீங்கத் தொடங்கியிருந்தது. அதைத் தடவியபடி கேட்டாள்: "அண்ணா, நீங்கள் வந்து கை வைச்சனீங்களோ?"

"இல்லை. வர ஏலாமல் போச்சு."

"அப்ப?"

பேர்னாட் தன் வண்டி நிற்கும் மூலைவரை யோசித்து நடந்தான். தங்கையைக் காக்கப் பிறந்த தன் தோள் ஒரு பலாக்காய்ச் சாக்கைக்கூடத் தாண்டவில்லை என்னும் உண்மை அவனுக்குச் செரிக்க நேரம் எடுத்தது.

"சரி, போ," என்றான் கடைசியில். "நான் வாய் திறக்கேன்."

எழுக மகளிரே! ஒலிக்கட்டும் வெற்றி முரசு! அண்ணன் முச்சக்கர வண்டி வாசலிலே வெறுமனே நிற்க, காலிமுகத்துக் கடல் கைகொட்டி வரவேற்க, காலி வீதி நெடுகிலும் சேலைக்கடைப் பொம்மைகள் தலை நிமிர்ந்து நிற்க, சாய்ந்தோர் எல்லாம் நேராக, நேராய் நின்றோர் எல்லாம் நிமிர, நெற்றியிலே விழுப்புண் ஏந்திய எங்கள் தலைவி தன் தனிப்பெரும் பேருந்தேறி உலா வரும் அந்தப் பொன்னாள் புலர்க எனத் திசை எட்டும் கூவின, அவ்வாறே புலர்ந்தது.

திங்கட்கிழமை காலை டோரின் பஸ்ஸில் வேலைக்குப் போனாள். இருக்க இடம் கிடைக்கவில்லை.