திருநாவுக்கரசின் முந்நூறு கிராம்

கட்சால்,
12.8.2009

மதிப்பிற்குரிய யோகராஜ் மச்சானுக்கு, அழகையா வணங்கி எழுதுவது. இங்கு நான் சுகம். தங்கள் தங்கை தங்கம்மா காய்ச்சல் விட்டுச் சுகம். கோழிகளும் சுகம். தாங்கள் பெயர் வைத்த எட்டு மாதத் திருநாவுக்கரசைப் பற்றித்தான் கவலை.

மாதாமாதம் அங்கன்வாடிக்குத் தங்கம்மாதான் அவனை எடை போடத் தூக்கிப் போவாள். இந்தமுறை அவளுக்குக் காய்ச்சல் என்பதால் முதல்தடவையாக நான் போனேன். வழியெல்லாம் கத்தினான், தராசுக்குப் பயம் என்று நினைத்தேன். ஏழு கிலோ இருநூறு இருந்தவன் ஆறு கிலோ தொள்ளாயிரம்! வளர்ச்சி அட்டையில் பச்சையில் ஏறிய கோடு மஞ்சளுக்கு இறங்கிவிட்டது. "அடுத்த வாரமும் இப்படியே இருந்தா கப்பல் ஏத்தி போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும், அண்ணே" என்றார் நர்சு சோனியா.

முந்நூறு கிராம் எங்கே போயிருக்கும்? எதையும் துருவிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ரேஷன் கடையில் ஐந்து கிலோ அரிசி நிறுத்து, சுமந்து போய் அதே தராசில் தொங்கவிட்டேன். சரியாக ஐந்து. "அரிசிக்கும் தடுப்பூசி போடணுமா?" என்று நர்சு கேட்டார். கண்ணேறோ என்று தங்கம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். எங்களுக்குத்தான் தும்மல், அவன் சிரித்தான். பத்தொன்பது வருடமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறேன். பால் கொட்டகையில் 'தண்ணீர் கலந்திருக்கிறது' என்று என் வாளியில் ஒருநாளும் எடை கழித்ததில்லை. என் பிள்ளைக்கா எடை கழிய வேண்டும்? தங்கள் குடும்பத்தில் யாராவது சிறுவயதில் இப்படிச் சுருங்கியதுண்டா? கோபிக்காமல் எழுதவும். எதற்கும் அடுத்த கப்பலில் வந்துவிடவும்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் பிள்ளைகளுக்கு மாமனின் ஆசி.

இப்படிக்கு,
அழகையா

பி.கு.: கப்பல் ஏற வேண்டாம். உறையை ஒட்டுமுன் நர்சு தராசோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அன்னைக்குக் காலையில என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணுமே குடுக்கல சிஸ்டர். பால், தண்ணி எதையும் கண்ணுல காட்டல. வெள்ளி அரைஞாணக்கூட கழட்டிட்டுத்தான் தூக்கிட்டு வந்தேன். தண்ணி சேத்து எடை காட்டுற ஆளா நான்?"

நர்சு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தங்கம்மா அகப்பையைத் தேடினாள். பாலூட்டி, அரைஞாணும் மாட்டி நிறுத்தால் ஏழு கிலோ முந்நூறு. அன்று அவன் கத்தியது பசியில் என்று இப்போதுதான் உறைக்கிறது. வெட்கமாக இருக்கிறது மச்சான். இனி எடை போடும் நாளில் நான் பால் கொட்டகைக்கு மட்டும் போனால் போதுமாம்.